கண்ணீர் அஞ்சலியில் ஒரு தேதி

இங்க யாரும் வாராவளா? இல்லையே? அப்ப கொஞ்சம் நகந்து உக்காருங்க அண்ணாச்சி. ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும். எனக்குக் காத்து வேண்டாம், பேச்சுத் துணை இருந்தாப் போதும். திருநவேலிக்குத்தான? நானும் அங்கதான். கோர்ட்டுக்கு.

என்ன அப்பிடிப் பாக்கியோ? கொலை, கொள்ளைலாம் இல்லை. நான் அச்சாபீஸ் வச்சிருக்கேன். நல்லான்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, 'ஸ்ரீ வைரவா ஆப்செட்', பெரிய மஞ்சள் போர்டு. பாத்திருப்பியோ. முத்துவைரவன்னு பேரு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, சடங்கு, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் நம்ம கைதான். எங்க ஊருல ஒருத்தன் நான் அடிக்காமப் பொறக்கவும் முடியாது, போகவும் முடியாது. இருபத்திரெண்டு வருசம்!

உங்களுக்கு எந்த ஊரு? சரி. அங்க எந்தத் தெரு? ஓ, புதுசா வந்த நகரா? அதுக்கு முன்ன எங்க இருந்தியோ? அப்பா பேரு என்ன? சரி சரி, விடுங்க. சும்மா ஒரு பழக்கத்துக்குக் கேட்டேன். எனக்குச் சாதியே கிடையாது அண்ணாச்சி. பேப்பருக்குச் சாதி உண்டா? மைக்குச் சாதி உண்டா? அப்பிடிப்பட்ட என் மேலதான் பிசிஆர் கேஸு.

ஆமா, அதேதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். நான் வன்கொடுமை பண்ணுத மூஞ்சியா, நீங்களே சொல்லுங்க. கோழி அடிக்கச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுத ஆளு நான்.

அந்தச் சட்டப் புஸ்தகத்தை வக்கீல் ஆபீசுல உக்காந்து முழுக்க வாசிச்சேன். கெட்டிக்காரனுவ அண்ணாச்சி, டெல்லியில உக்காந்து எழுதுனவனுவ. செருப்பு மாலை போட்டா ஒரு பிரிவு. கல்யாண ஊர்வலத்தை மறிச்சா ஒண்ணு. தண்ணி எடுக்க விடலைன்னா ஒண்ணு. வீட்டை விட்டு விரட்டப் பாத்தா ஒண்ணு. எண்பத்தொம்பதுலயே போட்டுட்டானுவ, பத்தாதுன்னு பின்னால திருத்தம் வேற. வாசிக்க வாசிக்க எனக்கே ஆச்சரியமாப் போச்சு. இவ்வளவும் டெல்லிக்காரனுக்கு எப்பிடித் தெரியும்? எங்க தெருக்காரன் எவனோ போய் உக்காந்து ஒண்ணு விடாமச் சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கு!

சரி, கதைக்கு வாரேன்.

தங்கபுஷ்பம்னு ஒரு பொம்பளை. கரண்ட் ஆபீசுல வேலை, வீடு வீடா வந்து மீட்டர் பாத்து எழுதுவா. அவங்க ஆளுக இருக்கது தெற்க, ஓடைக்கு அந்தப் பக்கம். புருசன் குவைத்துல. ரெண்டு பேரும் சேத்துப் பிடிச்சு, எங்க வடக்குத் தெருவுல ஒரு வீட்டை வாங்கிட்டாவ. என் வீட்டுல இருந்து நாலு வீடு தள்ளி. வித்தவன் மெட்ராஸ்ல இருக்கான், அவனுக்கு என்ன, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான். அந்தத் தெருவுல அவங்க ஆளுல ஒருத்தர் வீடு வாங்குதது அதுதான் முதல் தடவை.

நான் ஒண்ணும் நினைக்கலை. சத்தியமா. அவ கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்க என்கிட்டதான் வந்தா. கடைக்கு வெளியில நிழல்ல ஒரு பெஞ்சு போட்டிருக்கேன், அவங்க ஆளுக வந்தா உக்காரதுக்குன்னே. எந்தக் கடைக்காரன் அண்ணாச்சி அப்பிடித் தனியா பெஞ்சு போடுதான்? மேல ஒரு ஃபேன் கூட மாட்டியிருக்கேன். மழை பெஞ்சா உள்ளயே கூப்பிட்டிருக்கேன், ரெண்டு தடவை.

அவ பெஞ்சுல உக்காரலை. நேரா உள்ள வந்து கம்ப்யூட்டர் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. 'அண்ணே, என் போட்டோவும் போடணும்'னா. புது வீட்டு வாசல்ல நின்னு எடுத்த படம், செல்லுல காட்டுனா. பளிச்சுன்னு சிரிக்கா. போட்டுக் குடுத்தேன். மஞ்சள் கரை, மேல பிள்ளையார், 'புதுமனை புகுவிழா', தை மாசம் பதினாறு, வெள்ளிக்கிழமை. பிழை இல்லாம அடிச்சேன். எனக்கு ஒரு பத்திரிகை வச்சா, கோமதிக்குத் தனியா ஒண்ணு வச்சா. கோமதி என் வீட்டுக்காரி.

நாலு நாள் கழிச்சு எங்க தெருத் தலைவர் சங்கரலிங்கம் போன் பண்ணுதாரு. 'வைரவா, அந்தக் கரண்டுக்காரிக்கு ஒரு போஸ்டர் அடிக்கணும்'ங்காரு. நான் வரவேற்புப் போஸ்டர்னு நினைச்சு, 'கலர்லதான?'ன்னு கேட்டேன். 'கறுப்புல'ன்னாரு. 'கண்ணீர் அஞ்சலி.'

'அவ உயிரோடல்லா இருக்கா?'ன்னேன்.

'அது எங்களுக்குத் தெரியாதா? சும்மா ஒரு பயம் காட்டணும்வே. பயந்து வீட்டை வித்துட்டுப் போவட்டும். நீ அடி. கீழ உன் கடைப் பேரைப் போட்டுராத'ன்னாரு.

என்ன செய்யச் சொல்லுதியோ? கோயில் கொடைக்கு மூணு ஊரு நோட்டீஸும் அவரு சொன்னாத்தான் எனக்கு வரும். முடியாதுன்னு சொல்லிட்டு அதே தெருவுல குடியிருக்க முடியுமா? அதுவும் போக, எங்க ஊருல இது புதுசா அண்ணாச்சி? போன எலெக்சன்ல வார்டு மெம்பருக்கு நின்னவருக்கே அஞ்சலி போஸ்டர் ஒட்டுனாவ. அவரு சிரிச்சுக்கிட்டே அதுக்குப் பக்கத்துல நின்னு செல்பி எடுத்தாரு. விளையாட்டு! அந்த மாதிரின்னு நினைச்சேன். இவளும் சிரிப்பான்னு நினைச்சேன்.

நாப்பது போஸ்டர். ராவோட ராவா ஒட்டிட்டானுவ. பஸ் ஸ்டாண்டு, பால் டிப்போ, கரண்ட் ஆபீஸ் மதில், அவ புது வீட்டுக் கதவு. பத்தாததுக்கு ஒரு பஸ்ஸு பின்னாலயும் ஒண்ணு. அதுதான் வினை. பஸ்ஸு ஊரு ஊராப் போவும்லா. அவ பொறந்த ஊரு வரைக்கும் போயிட்டு.

விடிஞ்சு ஏழு மணி இருக்கும். ஒரு லோடு ஆட்டோ நிறைய ஆளு. அவ அண்ணன் மாரிக்கண்ணு முன்னால இறங்குதான். பெரிய ரோஜா மாலை ஒரு கையில. இன்னொரு கையில தட்டுல கோடிச் சேலை. உங்க பக்கமும் அப்பிடித்தான? பொம்பளை செத்தா பொறந்த வீட்டுக்காரன்தான கோடி கொண்டாரணும். பச்சையில அரக்குக் கரை போட்ட சேலை. பொம்பளைக தெரு முனையில இருந்தே மாரடிச்சு ஒப்பாரி வச்சுக்கிட்டு வாராவ. இந்தச் சத்தம் கேட்டு உள்ள இருந்து அவளே கதவைத் திறந்துட்டா, முந்தின ராத்திரியே வந்து தங்கி வீடு கழுவிக்கிட்டு இருந்திருக்கா, கையில விளக்குமாறு!

எங்க மாடியில இருந்து பாத்தேன் அண்ணாச்சி. அந்த அண்ணன்காரன் அவளைப் பாத்தான், கதவுல இருந்த போஸ்டரைப் பாத்தான். திரும்ப அவளைப் பாத்தான். அப்பிடியே நடைப்படியில உக்காந்துட்டான். ஆறடி ஆளு. மாலை கீழ விழுந்துட்டு, தட்டைக் கீழ வைக்கணும்னு கூடத் தோணலை அவனுக்கு. அவ குனியவும் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்கான். அழுதுக்கிட்டே பாக்கான். உள்ள போயிட்டேன். காப்பி குடிக்கலை அன்னைக்கு.

ஆனா அங்கயும் ஒண்ணு கவனிங்க. போஸ்டர்ல 'தை மாதம் பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை'ன்னு போட்டிருக்கு. அன்னைக்குத் தேதி பன்னெண்டு! இன்னும் வராத நாளு. ஒருத்தராவது அதைப் பாத்தாவளா? போட்டோவைப் பாத்ததும் ஓடி வந்துட்டாவ. தேதியை எவன் பாக்கான்? இதைத்தான் என் வக்கீலும் சொல்லுதாரு. படிக்குதவனே பாக்காத தேதியை அடிக்குதவன் எப்பிடிப் பாப்பான்?

அதுதான் கேஸே. சொல்லுதேன், இருங்க.

பத்து மணிக்கு ஒரு போன். 'ஸ்ரீ வைரவா ஆப்செட்டா?'ன்னு கேட்டாவ. 'ஆமா, சொல்லுங்க'ன்னேன். 'தங்கபுஷ்பம் கண்ணீர் அஞ்சலி நீங்க அடிச்சதுதானா?' 'நாமதான் சார், பிரிண்டு நல்லா வந்திருக்கா?'ன்னு கேட்டேன்.

சிரிக்காதீங்க! போலீஸுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆமா, கீழ கடைப் பேரும் போன் நம்பரும் போட்டிருந்தேன். தலைவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. கை கேக்கலை. இருபத்திரெண்டு வருசத்துல பேரு இல்லாம ஒரு துண்டுச் சீட்டு வெளிய போனது கிடையாது. அச்சடிச்சவன் பேரு இல்லாத பேப்பரு அப்பன் பேரு இல்லாத பிள்ளை மாதிரி. சின்னதா, மூலையிலதான் போட்டேன். போலீஸுக்கு அது போதுமே.

டிஎஸ்பியே வந்துட்டாரு. இந்தக் கேஸை அவுகதான் விசாரிக்கணுமாம், சட்டத்துல இருக்கு. சங்கரலிங்கம் ஒண்ணாம் எதிரி, ஒட்டுனவன் ரெண்டு, நான் மூணு. முன்ஜாமீன் போடுங்க வக்கீலேன்னேன். கிடையாதுன்னுட்டாரு. கொலை செஞ்சவனுக்குக் கூட முன்ஜாமீன் கேட்டுப் பாக்க வழி இருக்காம், போஸ்டர் அடிச்சவனுக்கு இல்லையாம்! பத்தொம்பது நாள் பாளையங்கோட்டை ஜெயில்ல கிடந்தேன். அதுல ஒரு தமாசு கேளுங்க. 'அவ என்ன ஆளுன்னே எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிருவோமான்னு வக்கீல்கிட்ட கேட்டேன். அதுக்கும் ஒரு பிரிவு வச்சிருக்கான். ஆளைப் பழக்கம்னா சாதியும் தெரியும்னு கோர்ட்டே எடுத்துக்கிடுமாம். வெளிய பெஞ்சு போட்டிருக்கேன்னு வேற நானே போலீஸ்கிட்ட பெருமையாச் சொல்லித் தொலைச்சிருக்கேன்.

அந்தத் தை பதினாறு? நான் உள்ள இருந்தேன். கோமதி மனுப் போட்டுப் பாக்க வந்தப்ப சொன்னா. அழ வந்த சனம் ஒண்ணு கூட ஊருக்குத் திரும்பிப் போகலையாம். நாலு நாளும் அந்த வீட்டுலயே ராத்திரி பகலா முறை வச்சுக் காவல் இருந்திருக்காவ. வெள்ளிக்கிழமை விடியக்கால வாசல்ல ரெண்டு போலீஸ். உள்ள பால் காச்சியிருக்கா. என்ன சேலை கட்டியிருந்தாங்கிய? அந்தக் கோடி! அண்ணன் பொணத்துக்குப் போத்தக் கொண்டாந்த பச்சைச் சேலை. கேள்விப்பட்டிருக்கியளா நீங்க? உயிரோட இருக்கவ கட்டுத சேலையா அது?

'நீ போனியா?'ன்னு கோமதிகிட்ட கேட்டேன். 'எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவ?'ன்னா. 'பத்திரிகை வச்சிருந்தாளே'ன்னேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா. நான் வெளிய வந்ததுல இருந்து எனக்குச் சோறு போடுதா, ஆனா பேச்சு குறைஞ்சு போச்சு. சட்டத்துல இதுக்கு ஒரு பிரிவு போட்டா நல்லாருக்கும்.

ஜாமீன்ல வந்து ஒரு மாசம் இருக்கும், தங்கபுஷ்பம் எங்க வீட்டுக்கு மீட்டர் பாக்க வந்தா. சாட்சிகிட்ட நான் பேசக்கூடாதுன்னு ஜாமீன்ல கண்டிசன். நான் பேசலை. அவதான் பேசுனா, நான் பதில் மட்டும் சொன்னேன். அட்டையில எழுதிக் குடுத்துட்டு, 'அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்'னா. 'அந்தத் தேதியை அவுக சொல்லிப் போட்டியளா, நீங்களாப் போட்டியளா?'

'தவறுதலா விழுந்துட்டும்மா'ன்னேன்.

'எனக்கும் அப்பிடி நம்பணும்னுதாண்ணே ஆசை. போஸ்டரைக் கிழிச்சுப் போட்டுட்டேன். அந்தத் தேதிதான் போமாட்டேங்கு. நாலு நாளு நான் கண்ணை மூடலை. பால் பொங்குத வரைக்கும் எங்க அண்ணன் என் கையை விடலை'ன்னா. சொல்லிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா. கோவப்படக் கூட இல்லை. கோவப்பட்டிருந்தா நாலு வார்த்தை நானும் சொல்லியிருப்பேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். உயிரோட இருக்கவளுக்கு அஞ்சலி போட்டா அவமானப்படுத்துனது. அது ஒரு பக்கம். ஆனா வரப்போற ஒரு நாளைச் சாவு நாளுன்னு போட்டா அது கொலை மிரட்டலாம். அதுவும் கிரகப்பிரவேச நாளையே போட்டுட்டா, 'இந்த வீட்டுக்குள்ள காலை வச்சா அன்னைக்கே சாவ'ன்னு அர்த்தமாம். அரசு வக்கீல் அதையே பிடிச்சுத் தொங்குதாரு. தலைவரோ, தேதி எதுவும் நான் சொல்லலைன்னுட்டாரு. அது நிசந்தான், அவரு சொல்லலை. அப்ப எல்லாம் என் தலையில. என் வக்கீல் நெல்லையப்பன் என்ன சொல்லுதாருன்னா, 'வைரவா, தேதி தவறுதலா விழுந்ததுன்னு ஜட்ஜ் நம்பிட்டாவன்னா நீ வெறும் அச்சடிச்சவன், தப்பிச்சுருவ. வேணும்னு போட்டன்னு நினைச்சாவன்னா, மூணு பேருல உனக்குத்தான் முதல்ல ஜெயில்.'

தவறுதல்தான் அண்ணாச்சி! எப்பிடின்னு கேளுங்க. கம்ப்யூட்டர்ல அவ பத்திரிகை ஃபைல் இருக்கு. பேரு, போட்டோ, வீட்டு விலாசம் எல்லாம் அதுலயே இருக்கு. புதுசா எதுக்கு அடிக்கணும்? அந்த ஃபைலையே திறந்து போஸ்டரா மாத்துனேன். ஊருல எல்லா அச்சாபீஸ்லயும் அப்பிடித்தான் செய்வாவ. போன வருசம் ஒரு காதுகுத்துப் பத்திரிகையில மணமகன் பேரு அப்பிடியே இருந்துட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒரு வயசு! அந்த மாதிரி இதுலயும் பழைய தேதி இருந்துட்டு. முடிஞ்சு போச்சு.

இன்னைக்கு ஜட்ஜம்மா என்னையே கேள்வி கேப்பாவ. ஒத்திகையெல்லாம் பாத்தாச்சு. தடுமாறாமச் சொல்லணும், கண்ணைப் பாத்துச் சொல்லணும்னுருக்காரு வக்கீல். நீங்க ஒரு தடவை கேளுங்களேன், ஜட்ஜ் மாதிரி. பஸ்ஸு வண்ணாரப்பேட்டை தாண்டிட்டு, இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு. 'ஃபைலை எப்பிடி மாத்துன?'ன்னு கேளுங்க.

கேட்டாச்சா? சொல்லுதேன். அம்மா, மஞ்சள் கரையைக் கறுப்பாக்குனேன். பிள்ளையாரை எடுத்துட்டுக் குத்துவிளக்கு வச்சேன். 'புதுமனை புகுவிழா'வை எடுத்துட்டு 'கண்ணீர் அஞ்சலி' போட்டேன். 'தங்கள் வருகையை அன்புடன் எதிர்பார்க்கும்'ங்கதை எடுத்துட்டு 'ஆழ்ந்த வருத்தத்துடன்' போட்டேன். 'காலை ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள்'ன்னு முகூர்த்த நேரம் இருந்துச்சு, அதை அழிச்சேன், சாவுக்கு ஏது முகூர்த்தம்? தேதியை மட்டும் கவனிக்கலை அம்மா. அவசரம்.

எப்பிடி? தடுமாறலைலா?

என்ன கேக்கியோ? நேரம் எந்த இடத்துல இருந்துச்சா? தேதிக்குப் பக்கத்துலதான். எல்லாப் பத்திரிகையிலயும் அப்பிடித்தான இருக்கும். தை மாதம் பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள்.

ஆமா. ஒரே வரிதான்.

வக்கீல் இதைக் கேக்கலையே. டிஎஸ்பி கேக்கலை. அவ கூட இப்பிடிக் கேக்கலை. நீங்க யாரு அண்ணாச்சி? இல்லை, சொல்ல வேண்டாம். எந்தத் தெருன்னும் இனிமே கேக்கலை.

பின்னால இருந்து அழிச்சுக்கிட்டே வந்தேன். ஏழரை போச்சு, ஆறு போச்சு, காலை போச்சு. வெள்ளிக்கிழமையை ஒட்டி அந்தக் கர்சர் கோடு மின்னி மின்னி நின்னுச்சு. இன்னும் கொஞ்சம் தட்டியிருந்தா தேதியும் போயிருக்கும். நான் கையை எடுத்துட்டேன். ஒரு தடவை முழுசா வாசிச்சுப் பாத்தேன். வீடு பால் காச்சுத நாளு, அதே நாளு சாவு. தலைவருக்குக் கூட இப்பிடித் தோணியிருக்காது. நல்லா அமைஞ்சுட்டுன்னு நினைச்சேன். கடையில வேற யாரும் இல்லை. நான் மட்டும் உக்காந்து சிரிச்சேன் அண்ணாச்சி. சத்தமாவே சிரிச்சேன்.

கண்டக்டர் கூப்பிடுதாரு, கோர்ட்டு வந்துட்டாம். எந்திரிக்கணும்.